அடைமழை, வீட்டுக்குள் ஒரு வாண்டு: எந்த அறிகுறிக்கு என்ன வழி

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் சில நாட்கள் சேர்ந்தாற்போல வாசல்படி தாண்ட முடியாது. பெரியவர்கள் எப்படியோ பொழுதை ஓட்டிவிடுவார்கள். ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் இருக்கிற பிள்ளைதான் காலை பத்து மணிக்கெல்லாம் வீட்டை இரண்டாக்கிவிடும். உடனே ‘விளையாட்டுச் சாமான் பத்தலை’ என்று புதிதாக ஒன்றை வாங்கப் போவார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இல்லை. இந்த வயதில் பிள்ளை கேட்பது மூன்றுதான்: உடம்பு முழுக்க அசைய வேண்டும்; ஒன்றிலிருந்து இன்னொன்றில் கொட்டி நிரப்ப வேண்டும்; பெரியவர்கள் செய்கிற வேலையில் தனக்கும் ஒரு பங்கு வேண்டும். எது குறைகிறது என்பதைப் பிள்ளை நடந்துகொள்கிற விதமே காட்டிக்கொடுக்கும்.

எதையும் தொடங்குவதற்கு முன் நான்கைப் பார்த்துவிடுங்கள்: பசி, தூக்கம், காய்ச்சல், ஈரம். நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மழை நாளில் வீட்டுக்குள் கொடியில் காய்ந்த ஜட்டி தொட்டால் காய்ந்தது போலத் தெரியும். இடுப்புப் பட்டியிலும் தையலிலும் ஈரம் நிற்கும். அது தொடையிடுக்கில் உரசி எரிச்சல் எடுத்தால் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது, சிணுங்கத்தான் தெரியும். பட்டியை இஸ்திரிப் பெட்டியால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, சூடு ஆறியதும் போட்டுவிடுங்கள்.

‘வெளிய, வெளிய’ என்று கதவைத் தட்டுகிறது, தூக்கினால் நெளிகிறது, கையில் கிடைத்ததை வீசுகிறது

காலுக்கு வேலை இல்லை, அதுதான் காரணம். ஒன்று முதல் நான்கு வயது வரை உள்ள பிள்ளை ஒரு நாளில் மொத்தம் 180 நிமிடமாவது ஓடியாடி அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டி. வெயில் நாளில் இது தானாக நடந்துவிடும், யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. மழை நாளில் நாம்தான் இடம் ஒதுக்க வேண்டும். ஒரே மூச்சில் வேண்டாம். காலைப் பலகாரத்துக்குப் பிறகு, மதியச் சோற்றுக்கு முன், தூங்கி எழுந்த பின், விளக்கு வைக்கிற நேரம் என்று நாலைந்து தடவையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

நடுவில் முற்றமும் சுற்றித் தாழ்வாரமும் உள்ள வளவு வீடாக இருந்தால் பாதி வேலையைத் தரையே பார்த்துக்கொள்ளும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் பூவும் கட்டமும் மாறி மாறி வரும். இரண்டரை வயதுப் பிள்ளையிடம் ‘பூ மேல மட்டும் கால் வைக்கணும்’ என்று சொல்லி நீங்கள் முன்னால் நடந்து காட்டுங்கள். ஒன்றரை வயதுக்கு அந்த விதி ஏறாது. ‘செவப்பு எங்க?’ என்று கேட்டு, அது ஓடிப்போய் நின்றதும் கைதட்டினால் போதும். தாழ்வாரத்துத் தூண்களைச் சுற்றி ஓடவிடலாம். ஒரு தூணுக்குப் பின்னால் அப்பத்தா உட்கார்ந்துகொண்டு ‘ஆளைக் காணோமே’ என்றால் அதே ஆட்டம் இருமடங்கு நேரம் ஓடும்.

ஓட்டத்தைவிடச் சீக்கிரம் பிள்ளையை அடக்குவது சுமைதான். தள்ளுவது, இழுப்பது, தூக்கிக்கொண்டு நடப்பது எல்லாம் தசைக்கும் மூட்டுக்கும் நல்ல அழுத்தம் கொடுக்கும். எகிறிக் குதிக்கிற பிள்ளையும் அதில் ஒரு நிதானத்துக்கு வரும். பிரிக்காத ஒரு கிலோ பருப்புப் பொட்டலத்தைக் கைப்பிடி வைத்த ஓலைக் கொட்டானில் போட்டு, ‘முகப்புல ஐயாகிட்ட குடுத்துட்டு வா’ என்று அனுப்புங்கள். ஐயா அதை வாங்கிக்கொண்டு, ‘இதை ஆத்தாகிட்ட குடு’ என்று திருப்பி அனுப்ப வேண்டும். பத்து, பன்னிரண்டு கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு கிலோ போதும். கொட்டான் தரையில் இழுபட்டால் கனம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

இதில் எங்கே தவறு நடக்கும்? முதலாவது, வழுக்கல். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல் வார்த்து எடுப்பதால் மேற்பரப்பு கண்ணாடி போலவே வழவழப்பாக இருக்கும். சாரல் பட்டால் பெரியவர்களுக்கே கால் நிற்காது. காலுறை போடாமல் வெறுங்காலோடு விடுங்கள். எண்ணெய் தொட்டுத் தரை துடைக்கிற பழக்கம் இருந்தால் மழைக்காலத்தில் நிறுத்திவையுங்கள். தடுக்கை வரிசையாகப் போட்டுத் தாண்டச் சொல்வது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வழவழத் தரையில் ஓலைத் தடுக்கு பிள்ளையோடு சேர்ந்து சறுக்கும். அதற்குப் பதில் கோணிச்சாக்கை நனைத்துப் பிழிந்து விரித்தால் நகராது.

இரண்டாவது, நடைவண்டி. மண் தரைக்கும் சிமெண்ட் தரைக்கும் பழகிய மூன்று சக்கர மர நடைவண்டி இந்தக் கல்லில் பிள்ளையை முந்திக்கொண்டு ஓடும். பிள்ளை முகவாய்க்கட்டை அடிபட விழும். பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிச் சக்கரங்களில் இறுக்கிச் சுற்றுங்கள். அல்லது அடிக்கட்டையில் ஒரு கிலோ அரிசிப் பையைத் தாழக் கட்டுங்கள். இரண்டும் செய்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது, ஊஞ்சல். ஆடுகிற தேக்குப் பலகையின் விளிம்பு சரியாக நடைபழகிய பிள்ளையின் தலை உயரத்தில் வரும். யாரும் ஆடாத நேரத்தில் சங்கிலியைச் சுருட்டி மேலே கட்டிவிடுங்கள். கதவுகளையும் மறக்க வேண்டாம். மழைக்காற்றில் கனத்த கதவு அறைந்தால் விரல் மிஞ்சாது. கதவின் மேல் விளிம்பில் ஒரு துண்டை மடித்துப் போட்டால் முழுக்கச் சாத்தாது.

மாடி போர்ஷனில் ஒற்றை ஹால்தான் என்றால் மெத்தையைத் தரையில் இறக்கி, தலையணைகளை மலையாக அடுக்கி, ஏறி விழவிடுங்கள். சுருட்டிய பாயைத் தாண்டச் சொல்லுங்கள். பத்தடி நீளம் இருந்தால்கூடக் கொட்டான் தபால் நடக்கும்.

இவ்வளவு செய்தும் ‘வெளிய’ என்றுதான் கேட்கிறது என்றால், அழைத்துப் போய்விடுவதே நேர்வழி. தூறலில் பத்து நிமிடம் நனைந்தால் சளி பிடிக்கும் என்ற பயம் தேவைக்கு மேல் பெரிது. சளியைத் தருவது கிருமி. நனைந்த துணியோடு வெகுநேரம் விடாமல், வந்ததும் துவட்டி உடை மாற்றினால் போதும். இடி கேட்டால் மட்டும் பேச்சே கிடையாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும் வரை வெளியே வேண்டாம். நடு முற்றமும் ‘வெளியே’தான், மேலே திறந்த வானம் இருக்கிறது, நாலு பக்கமும் தகரத் தூம்பு இருக்கிறது.

முற்றத்துத் தண்ணீரிலேயே போய் நிற்கிறது. அண்டாவை எட்டிப் பார்க்கிறது

இது கோளாறே இல்லை, நல்ல அறிகுறி. மழை கொட்டுகிற முற்றத்தைவிடச் சுவாரசியமான பொருள் வீட்டில் வேறு எது? தடுத்துக்கொண்டே இருந்தால் நாள் முழுக்கச் சண்டைதான். அரை மணி நேரம் முறையாகக் கொடுத்துவிட்டால் அடங்கும். ஆனால் பாதுகாப்பைப் பார்த்த பிறகுதான் விளையாட்டு.

நடைபழகிய பிள்ளைக்கு உடம்பளவைப் பார்க்கத் தலை கனம். வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் தானாக நிமிர முடியாது. இரண்டு அங்குலத் தண்ணீரே மூழ்கப் போதும். சத்தமும் வராது. ஓட்டுத் தண்ணீர் பிடிக்க வைத்த அண்டா, வாளி, குடம் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள், இல்லையென்றால் பிள்ளையால் அசைக்க முடியாத மூடி போடுங்கள். பலகையைச் சும்மா மேலே வைப்பது மூடி ஆகாது. முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் துவாரத்தில் இலைதழை அடைத்திருந்தால் கால்மணி நேரத்தில் கணுக்கால் அளவு நிற்கும். காலையில் முதல் வேலையாக அதைக் குத்திவிடுங்கள். தாழ்வாரத்துக்கும் முற்றத்துக்கும் உள்ள இறக்கத்தில் ஒரு பெஞ்சைப் படுக்கப் போட்டால் தடுப்பு.

இனி ஏற்பாடு. விளிம்பு உயர்ந்த பெரிய தாம்பாளம் ஒன்று, அடியில் நாலாக மடித்த பழைய போர்வை. போர்வை தண்ணீரை உறிஞ்சும், தாம்பாளமும் நகராது. ஒரு செம்பு, இரண்டு டம்ளர், ஜல்லிக்கரண்டி, டீ வடிகட்டி, ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு. தண்ணீர் ஒரே ஒரு லிட்டர், தாம்பாளத்தில் ஒரு விரல்கடை நிற்கும். பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, வெந்நீரைப் பின்னால் கலந்து, முழங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. பிள்ளைக்கு ஜட்டி மட்டும் போதும். நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். போன் மணி அடித்தால் எடுக்கப் போகாதீர்கள், போவதென்றால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போங்கள்.

தண்ணீரைத் தரையில் வாரி இறைத்தால் திட்ட வேண்டாம். அளவைப் பாதியாகக் குறையுங்கள். இருந்ததெல்லாம் கொட்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது, அவ்வளவுதான். இரண்டு மூன்று தடவையில் பிள்ளைக்கே கணக்குப் புரியும். தண்ணீரைக் குடிக்கிறது என்றால் ஆரம்பத்திலிருந்தே காய்ச்சி ஆறின தண்ணீர், சோப்பு நுரை வேண்டாம். உதடு வெளிறினாலோ உடம்பு நடுங்கினாலோ உடனே நிறுத்திவிடுங்கள். விரல்நுனி சுருங்குவதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பத்து நிமிடத்தில் சலித்துவிட்டால் ஒரே ஒரு பொருளைச் சேருங்கள். வேலியில் படர்ந்திருக்கிற சங்குப்பூ அதற்கென்றே பிறந்தது. நீலப் பூ எட்டு, பத்து பறித்து, காம்பு கிள்ளி, ஒரு டம்ளர் வெந்நீரில் பத்து நிமிடம் போட்டால் நல்ல நீலம் இறங்கும். ஆறவைத்து வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றுங்கள். எவர்சில்வரில் நிறம் தெரியாது. எலுமிச்சை மூடியைப் பிள்ளை கைக்குள் வைத்து, மேலே உங்கள் கையை வைத்துப் பிழியுங்கள். முதல் சில சொட்டில் நீலம் கத்தரிப்பூ நிறமாகும், இன்னும் கொஞ்சம் விழுந்தால் ரோஜா நிறத்துக்கு வரும். பிள்ளை கிண்ணத்தையும் உங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும், ‘இன்னொன்னு’ என்று மூடியை நீட்டும். அதனால் இரண்டு டம்ளர் தண்ணீர் கூடுதலாகத் தயாராக இருக்கட்டும். நிறம் மாறவே இல்லையென்றால் சாறு போதவில்லை, அல்லது உப்புத் தண்ணீர் கலந்திருக்கிறீர்கள். குடிக்கிற தண்ணீரில் செய்தால் சரியாக வரும்.

இதையும் தாம்பாளத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆத்தங்குடிக் கல் சுட்ட ஓடு இல்லை, சிமெண்டுக் கல். எலுமிச்சையும் புளியும் பட்டு நின்றால் பளபளப்பு அரித்து வெள்ளைத் திட்டு விழும், பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

எதைக் கொடுத்தாலும் இரண்டு நிமிடம்தான்

இரண்டு வயதில் ஒரு பொருளோடு நாலைந்து நிமிடம் நின்றாலே நல்ல கவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் குறைந்தால் மூன்று காரணங்களைப் பாருங்கள். கண்ணுக்கு எதிரே இருபது சாமான் கிடக்கிறதா? எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு அறைக்குள் வைத்துவிட்டு நாலை மட்டும் வெளியே விடுங்கள். மதியத்துக்கு மேல் அந்த நாலையும் மாற்றுங்கள். சாமானுக்குச் செய்ய ஒரே வேலைதானா? பட்டனை அமுக்கினால் பாடுகிற பொம்மை அந்தப் பாட்டோடு முடிந்தது. படி, உழக்கு, ஆழாக்கு என்று ஒன்றுக்குள் ஒன்று போகிற அளவைப் பாத்திரம் ஒரு செட் இருந்தால் அடுக்கலாம், கவிழ்க்கலாம், தட்டலாம், ஒளித்து வைக்கலாம். மூன்றாவது காரணம் நாம்தான். ‘இப்படி வை, அப்படி வை’ என்று பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தால் பிள்ளை எழுந்து போய்விடும். ஒருமுறை செய்து காட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

சொப்புச் சாமான் நல்ல தேர்வு, மரச் சொப்பு இன்னும் நல்லது. ஆனால் அதோடு வருகிற சின்ன மூடி, குழவி எல்லாவற்றையும் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். ஏன் என்பது அடுத்ததில்.

எல்லாவற்றையும் வாயில் போடுகிறது

மூன்று வயது வரை இது இருக்கும். நிறுத்த முடியாது, பொருளைத்தான் மாற்ற முடியும். சுமார் 3.2 செ.மீ. அகலமுள்ள குழாய்க்குள் முழுசாகப் போகிற எதுவும் மூச்சுக்குழலை அடைக்கலாம். கையளவுக்குப் பத்து ரூபாய் நாணயத்தை வைத்துக்கொள்ளுங்கள், அது 2.7 செ.மீ. அதைவிடக் கொஞ்சம் பெரிய பொருள்கூட ஆபத்தின் எல்லைக்குள்தான்.

அந்தக் கணக்கில் பல்லாங்குழி முத்தும் சோழியும் புளியங்கொட்டையும் தாயக்கட்டையும் அடிபட்டுப் போகின்றன. திண்ணையில் பெரியவர்கள் ஆடி முடித்ததும் எண்ணிப் பார்த்து டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். பிள்ளைக்குப் பல்லாங்குழிப் பலகை வேண்டுமென்றால் குழிகளில் போட எலுமிச்சம்பழமோ, முடிச்சுப் போட்ட துணி உருண்டையோ கொடுங்கள். குழிக்குள் உட்காராமல் மேலே நிற்கும், பிள்ளைக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. ரிமோட்டிலும் பாடுகிற பொம்மையிலும் இருக்கிற பட்டன் பேட்டரி எல்லாவற்றையும்விட மோசம். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொத்துவிடும். மூடியில் திருகாணி இல்லாத பொம்மை வீட்டிலேயே வேண்டாம். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இந்த ஊர் வீடுகளுக்கென்றே ஓர் எச்சரிக்கை. மழை நாளில் பொழுது போகாமல் பரண் பெட்டியைத் திறந்து, பழைய எனாமல் கிண்ணத்தையும் வண்ணம் பூசிய மரப் பொம்மையையும் பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்பார்கள். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம். பூச்சு உரிந்தது, சில்லு பெயர்ந்தது எதுவும் வாய்க்கு எட்டக் கூடாது. அலமாரியில் இருந்தே அழகு பார்க்கட்டும். வண்ணமே பூசாத மரப்பாச்சி என்றால் கழுவித் துடைத்துக் கொடுக்கலாம்.

அடுப்படியில் காலைக் கட்டிக்கொண்டு வேலை செய்யவிடவில்லை

பிள்ளை கேட்பது உங்களை. அதைவிட, உங்கள் வேலையை. ஒரு பங்கு பிரித்துக் கொடுங்கள். அடுப்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, சுவரோரம் ஒரு சாக்கு விரித்து உட்காரவையுங்கள். முருங்கைக்கீரைக் கொத்து ஒன்று கொடுத்தால் உருவிக்கொண்டே இருக்கும். பாதி தரையில் கிடக்கும், பரவாயில்லை. பெரிய உருளைக்கிழங்கைக் கொட்டானிலிருந்து சுளகுக்கும் சுளகிலிருந்து கொட்டானுக்கும் மாற்றச் சொல்லலாம். பட்டாணி, மொச்சை உரிக்கிற வேலை மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கிற நேரம், அதாவது வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் சுடுகிற நேரம், பிள்ளை அடுப்படிக்குள்ளேயே வரக் கூடாது. அந்த அரை மணி நேரத்துக்கு அப்பச்சியோ ஆயாவோ பொறுப்பு.

மாவு பிசைந்து கொடுத்தேன், சரியாக வரவில்லை

கடையில் விற்கிற களிமண்ணைத் தேட வேண்டாம். இடியாப்ப மாவு போதும். ஒரு கப் வறுத்த பச்சரிசி மாவுக்கு ஒன்றிலிருந்து ஒன்றேகால் கப் தளதளவென்று கொதிக்கிற தண்ணீர், ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய். கரண்டிக் காம்பால் கிளறி, மூடி, பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் கையால் பிசையுங்கள். மேலே ஆறியிருந்தாலும் உருண்டைக்குள் சூடு தங்கியிருக்கும். பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

வெடித்து உதிர்கிறதென்றால் தண்ணீர் கொதிக்கவில்லை. அரிசி மாவில் கோதுமையில் இருக்கிற பசைப்பு கிடையாது. சூட்டில் மாவு வெந்தால்தான் ஒட்டிப் பிடிக்கும். தூக்கிப் போட வேண்டாம். இட்லித் தட்டில் வைத்து ஐந்து நிமிடம் ஆவி காட்டி, கையில் எண்ணெய் தொட்டுத் திரும்பப் பிசைந்தால் சேர்ந்து வரும். முதலில் நன்றாக இருந்து கால்மணியில் காய்ந்து வெடித்தால் காற்று பட்டிருக்கிறது. பயன்படுத்தாத பாதியை ஈரத்துணியால் மூடி வையுங்கள். கையில் அப்பிக்கொண்டால் தண்ணீர் கூடிவிட்டது. வறுத்த மாவை ஒவ்வொரு ஸ்பூனாகச் சேருங்கள். கோதுமை மாவிலும் மைதாவிலும் செய்தால் இழுத்துவிட்ட வடிவம் சுருங்கி வரும். இருபது நிமிடம் மூடி ஊறவிட்டால் குறையும், ஆனால் சின்னக் கைக்கு அரிசி மாவுதான் இதம்.

அரைக் கப் உப்பு சேர்க்கச் சொல்கிற குறிப்பு நிறையச் சுற்றுகிறது. கெடாமல் இருக்க அது உதவும், உண்மைதான். வாயில் போடுகிற பிள்ளைக்கு அவ்வளவு உப்பு விஷம் மாதிரி. உப்பில்லாமல் பிசைந்து அன்றைக்கே தூக்கிப் போட்டுவிடுங்கள். அரிசி மாவு மறுநாள் புளித்துவிடும்.

நிறத்துக்குப் பீட்ரூட் சாறும் கீரைச் சாறும் நல்லவை. மஞ்சள் பளிச்சென்று வரும், ஆனால் துணியிலும் கல்லிலும் பட்ட கறை போகாது. சாறு சேர்த்தால் அந்த அளவுக்குத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மாவு கொழகொழவென்று போவதற்கு முக்காலும் இதுதான் காரணம். கருவிகள் வீட்டிலேயே இருக்கின்றன. கழுவின புதுச் சீப்பை அழுத்தினால் சீப்புச் சீடை வரி விழும். இடியாப்ப உரலில் நீங்கள் பிழிய, நூல் நூலாக இறங்குவதைப் பிள்ளை கையில் ஏந்திக்கொள்ளும். மறுபடி உருட்டி உரலில் போடுவதுதான் அதற்குப் பெரிய சந்தோஷம்.

சில பிள்ளைகள் மாவைத் தொடவே மாட்டார்கள், கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். கையைப் பிடித்து அழுத்தாதீர்கள். மாவைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து வாயை ஒட்டி மேலே அமுக்கக் கொடுங்கள், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து. அல்லது ஒரு மரக்கரண்டி கொடுத்துக் குத்தச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாளில் விரல் நுனியாவது தொடும்.

அப்பத்தா நடுவீட்டுக் கோலம் போடுவதைப் பார்த்து ‘நானும்’ என்று வந்தால் கரைத்த கோலமாவை அப்படியே கொடுக்காதீர்கள். நீர்த்து ஓடும், பிள்ளை கைக்குப் பிடிபடாது. இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவை ஒரு கப் தண்ணீரில் கரைத்து, சிறுதீயில் நாலைந்து நிமிடம் கிண்டினால் விரலில் நிற்கிற கூழ் கிடைக்கும். ஆறியதும் தாம்பாளத்தைக் கவிழ்த்து அதன் முதுகில் தீட்டவிடுங்கள்.

போன் கேட்டுக் கத்துகிறது

இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், சொந்தபந்தங்களோடு வீடியோ கால் மட்டும் பேசலாம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம். இரண்டிலிருந்து ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள். ஆகவே சிங்கப்பூரில் இருக்கிற அம்மானோடு பேசுவது கணக்கில் சேராது. மழை நாளுக்கு இது நல்ல துருப்புச் சீட்டு. பிள்ளை செய்த மாவு உருண்டையை அம்மானுக்குக் காட்டட்டும்.

ஏற்கெனவே கொடுத்துப் பழகியிருந்தால், வெடுக்கென்று பிடுங்குவதால்தான் அழுகை வருகிறது. ‘இந்தப் பாட்டு முடிஞ்சதும் நாம தண்ணி விளையாடப் போறோம்’ என்று முன்கூட்டியே சொல்லி, அடுத்த ஏற்பாட்டைப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும்படி முதலில் வைத்துவிட்டுப் பிறகு அணையுங்கள். அடுத்ததாகச் செல்கிற பாட்டு தானாக ஓடாதபடி அமைப்பை நிறுத்தி வைப்பது அவசியம். இல்லையென்றால் பாட்டு முடியவே முடியாது.

கரண்ட் போனால் டார்ச்சை எடுத்துச் சுவரில் நிழல் காட்டுங்கள். மெழுகுவர்த்தியோ விளக்கோ தரையில் வேண்டாம்.

மதியம் தூங்கவில்லை, தூங்கினால் இரவு பதினொரு மணிவரை முழித்திருக்கிறது

மழை மூட்டத்தில் வீட்டுக்குள் நாள் முழுக்க ஒரே இருட்டு, உடம்புக்குப் பகல் தெரிவதில்லை. காலையில் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் வெளிச்சம் படும்படி ஒரு மணி நேரமாவது விளையாடவிடுங்கள். மதியச் சோற்றுக்கு முன் கொட்டான் தபால் போன்ற கனமான ஆட்டம், சோற்றுக்குப் பின் அறையில் திரை இறக்கம். மூன்று, மூன்றரை மணிக்கு மேல் தூங்கத் தொடங்கினால் முக்கால் மணியில் எழுப்பிவிடுவது நல்லது. எழுப்பினால் பத்து நிமிடம் முகம் தூக்கிக்கொண்டிருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

நாள் முழுக்கத் தின்னக் கேட்கிறது

சலிப்புதான், பசியில்லை. பலகார டின்னைக் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றுங்கள். சீடை, முழு வேர்க்கடலை போன்றவை இந்த வயதுக்கு ஆகாது, தொண்டையில் நிற்கும். கும்மாயம் மென்மையாக இருக்கும், ஒரு நெல்லிக்காய் அளவு கொடுத்தால் அடங்கும்.

சோர்ந்து கிடக்கிறது; எந்த விளையாட்டுக்கும் அசையவில்லை

இதை விளையாட்டால் சரிசெய்யப் பார்க்காதீர்கள். சட்டையைத் தூக்கி மூச்சை ஒரு நிமிடம் முழுசாக எண்ணுங்கள், அழாமல் இருக்கிற நேரத்தில். ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேக மூச்சு. மூச்சிழுக்கும்போது விலா உள்வாங்கினாலும், காய்ச்சலோடு சிறுநீர் குறைந்தாலும், குடித்ததையெல்லாம் கக்கினாலும் மழை விடட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வண்டி கிடைக்கவில்லையென்றால் 108. மழைக்காலத்தில் டெங்குவும் கூடவே வரும், அந்தக் கொசு பகலில் கடிக்கும். மதியத் தூக்கத்துக்கும் வலை கட்டுங்கள்.

மழை விட்டது, இப்போது உள்ளே வரமாட்டேன் என்கிறது

விடுங்கள், விளையாடட்டும். அதற்கு முன் திண்ணையில் கிடந்த செருப்பையும் ஷூவையும் கவிழ்த்துத் தட்டிவிடுங்கள். ஈரத்துக்குத் தேளும் பூரானும் உள்ளே ஒதுங்கியிருக்கும். மின்கம்பம், இழுவைக் கம்பி, அறுந்து தொங்குகிற ஒயர் பக்கம் போகக் கூடாது. தெருவில் தேங்கிய தண்ணீருக்கடியில் சாக்கடை மூடி திறந்திருக்கலாம். கம்பால் குத்திப் பார்த்த குட்டையில் மட்டும் குதிக்கவிடுங்கள். ஊருணி நிரம்பியிருந்தால் படித்துறை பாசி பிடித்து வழுக்கும், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேல்படியில் நின்றே காட்டுங்கள். திரும்பி வந்ததும் கால்விரல் இடுக்கு வரை சோப்புப் போட்டுக் கழுவி, துவட்டி, காய்ந்த ஜட்டி.